வாசகர் கேள்வி–பதில்: முழு நிலவைவிட அகலமான ஒரு கேலக்சி

கேள்வி (கும்பகோணத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி): ‘ராட்சத ரேடியோ கேலக்சி’ என்ற பெயர் செய்திகளில் அடிக்கடி வருகிறது. அது மிகப் பெரியது என்பதற்கு மேல் எனக்கு எதுவும் விளங்கவில்லை. அதன் அமைப்பை உறுப்பு உறுப்பாக விளக்க முடியுமா, ஐயா?

பதில்: பெயரே கொஞ்சம் ஏமாற்றக்கூடியது என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். இங்கே ராட்சத அளவில் இருப்பது விண்மீன்கள் நிறைந்த கேலக்சியின் உடல் அன்று. அது பெரும்பாலும் நன்கு பருத்த ஒரு நீள்வட்ட கேலக்சியாக இருக்கும், அவ்வளவுதான். அதன் நடுவிலுள்ள கருந்துளையிலிருந்து இரு பக்கமும் பீறிட்டுப் போன பொருள், கேலக்சியின் எல்லைக்கு வெகு வெளியே பரவி நின்று ரேடியோ அலையில் ஒளிர்கிறது. அந்தப் பரப்பின் முனைக்கு முனை நீளத்தைத்தான் ராட்சதம் என்கிறோம்.

ஓர் உதாரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது. சிறுசிங்கம் என்னும் மங்கலான விண்மீன் குழுவின் திசையில், சுமார் 130 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் 3சி 236 என்ற பொருள் இருக்கிறது. சாதாரணத் தொலைநோக்கியில் அது ஒரு மங்கல் திட்டு. ரேடியோ தொலைநோக்கியிலோ அது வானத்தில் சுமார் 40 கலை (ஒரு கலை என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) அகலம் பிடிக்கிறது; முழு நிலவு பிடிப்பது 30 கலைதான். 130 கோடி ஒளியாண்டுத் தொலைவிலிருந்தும் நிலவைவிட அகலமாகத் தெரிய வேண்டுமானால் அதன் நீளம் ஏறத்தாழ 1.4 கோடி ஒளியாண்டாக இருக்க வேண்டும். நம் பால்வெளிக்கும் ஆந்திரமேடா கேலக்சிக்கும் இடையிலுள்ள தூரமே 25 லட்சம் ஒளியாண்டுதான்.

இனி உறுப்புகள். நடுவில் இருப்பது மையக்கரு. சூரியனைப்போல் பத்துக்கோடி மடங்கோ அதற்கும் மிகுதியாகவோ நிறையுள்ள ஒரு கருந்துளையும், அதைச் சுற்றி விழுந்துகொண்டிருக்கும் வாயுவும் அங்கே உள்ளன. விழும் வாயுவில் ஒரு பகுதியின் ஆற்றல், காந்தப்புலத்தின் துணையோடு, சுழலும் அச்சின் இரு முனைகளிலும் மெல்லிய பீச்சல்களாக வெளியேறுகிறது. கருந்துளையின் சுழற்சியிலிருந்தே இந்த ஆற்றல் எடுக்கப்படலாம் என்று பிளாண்ட்ஃபோர்ட், ஸ்நாயெக் என்ற இரு இயற்பியலாளர்கள் 1977இல் காட்டினார்கள். பீச்சல்களுக்குத் தமிழில் தாரை என்று பெயர். தொடக்கத்தில் அவை ஒளியின் வேகத்தை ஒட்டிய வேகத்தில் போகின்றன. நம்மை நோக்கி வரும் தாரை இந்த வேகத்தால் கூடுதல் பிரகாசமாகவும், விலகிப் போவது மங்கலாகவும் தெரிவதால், பல படங்களில் ஒரே ஒரு தாரைதான் கண்ணுக்குப் படும். என்ஜிசி 6251 என்ற ராட்சத கேலக்சியில் அப்படித்தான். எதிர்ப்பக்கத் தாரையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

தாரை கேலக்சிகளுக்கு இடையிலுள்ள மெல்லிய வாயுவில் மோதி நிற்கும் இடம் ‘ஹாட்ஸ்பாட்’ எனப்படும் பளிச்சென்ற புள்ளி. கொல்லையில் ரப்பர் குழாயின் வாயை விரலால் அடைத்துச் சுவரில் தண்ணீரைப் பீய்ச்சிப் பாருங்கள்: பட்ட இடத்தில் நீர் சிதறுகிறது, பிறகு பக்கவாட்டிலும் பின்னோக்கியும் வழிகிறது. அதே போல மோதிய பொருள் பின்னோக்கி வழிந்து, தாரையைச் சுற்றி ஒரு பெரிய பையாக நிரம்புகிறது. அதுவே மடல். இரு மடல்களும் உள்நோக்கி நீண்டு மையத்தை நெருங்கும் மங்கலான பகுதியைப் பாலம் என்பார்கள்.

இதிலிருந்து ஒரு விஷயம் பிறக்கிறது. என் பார்வையில் இந்தப் பொருள்களிலேயே மிகச் சுவையானது அதுதான். ஹாட்ஸ்பாட்டில் இருப்பது புதுச்சரக்கு. அங்கிருந்து மையத்தை நோக்கிப் பின்வாங்க வாங்க, பொருளின் வயது கூடுகிறது. எனவே மையத்தை ஒட்டிய பாலத்தில் நாம் பார்ப்பது, தாரை இன்னும் குட்டையாக இருந்த காலத்தில் வந்து சேர்ந்த பொருளை. மரத்தின் வளையங்களை எண்ணுவதுபோல மடலின் நீளத்தில் காலத்தைப் படிக்கலாம்.

எல்லாத் தாரைகளும் முனைவரை கட்டுக்குலையாமல் போவதில்லை. ஊதுபத்திப் புகை கொஞ்ச தூரம் நூல்போல் எழுந்து, பிறகு நெளிந்து கலைவதைப் பார்த்திருப்பீர்கள். ஆற்றல் குறைந்த தாரைகள் அப்படி வழியிலேயே கலைந்து, ஹாட்ஸ்பாட் இல்லாமல் வெளியே போகப் போக மங்கும். இந்த இரு வகையையும் 1974இல் ஃபனாரோஃப், ரைலி என்ற இருவர் பிரித்துக் காட்டினார்கள். அவர்கள் பெயரில்தான் எஃப்ஆர் 1, எஃப்ஆர் 2 என்ற வகைகள் வழங்குகின்றன. ராட்சதங்களில் பெரும்பான்மை முனை பளிச்சிடும் இரண்டாம் வகை.

கேள்வி (திருநெல்வேலியிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர்): ‘ராட்சதம்’ என்று அழைக்க 1 மெகாபார்செக் (சுமார் 33 லட்சம் ஒளியாண்டு) நீளம் வேண்டும் என்று ஒரு புத்தகத்திலும், 0.7 போதும் என்று இன்னொன்றிலும் உள்ளது. 3சி 236இன் நீளமும் பழைய நூலில் மிகுதியாக உள்ளது. அது சுருங்கிவிட்டதா?

பதில்: சுருங்கியது கேலக்சி அன்று, நம் அளவுகோல். வானத்தில் ஒரு பொருள் எத்தனை கலை அகலம் என்பதை நேரடியாக அளக்கலாம். அதை ஒளியாண்டாக மாற்றத் தொலைவு வேண்டும். தொலைவுக்கு பிரபஞ்சம் விரியும் வீதமான ஹப்பிள் மாறிலி வேண்டும். 1974இல் வில்லிஸ், ஸ்ட்ராம், வில்சன் ஆகிய மூவர் நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் தொலைநோக்கியால் 3சி 236ஐயும் டிஏ 240ஐயும் ராட்சதங்கள் என்று கண்டறிந்தபோது அந்த மாறிலியை 50 என்று கொள்வது வழக்கமாக இருந்தது. இன்று அது 70ஐ ஒட்டியது. மாறிலி கூடினால் தொலைவு குறையும், நீளமும் குறையும். அன்று 5.7 மெகாபார்செக் என்று கணக்கிட்ட 3சி 236 இன்று சுமார் 4.5 மெகாபார்செக். அன்றைய 1 மெகாபார்செக் வரம்பும் அதே விகிதத்தில் குறைந்து 0.7 ஆனது, அதாவது ஏறத்தாழ 23 லட்சம் ஒளியாண்டு. இயற்கை இந்த இடத்தில் கோடு எதையும் போட்டு வைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தென்வானில் உள்ள சென்டாரஸ் ஏ, சுமார் 1.2 கோடி ஒளியாண்டுத் தொலைவிலேயே இருப்பதால் வானத்தில் 8 பாகைக்கு மேல் விரிந்து கிடக்கிறது. ஆனாலும் அதன் உண்மை நீளம் வரம்பைச் சற்றே எட்டாததால் பட்டியலில் அதற்கு இடமில்லை.

கேள்வி (அதே வாசகர்): எல்லா ரேடியோ கேலக்சிகளும் ஏன் இவ்வளவு வளர்வதில்லை?

பதில்: இதற்கு ஒற்றை விடை கிடையாது. நெடுங்காலம் ஓயாமல் பீய்ச்சும் கருந்துளை, ஆற்றல் மிக்க தாரை, எதிர்ப்பு குறைவான சூழல் ஆகிய மூன்றும் வெவ்வேறு அளவில் கலந்து வேலை செய்கின்றன. சூழல் மெல்லியதாக இருந்தால் போதும் என்று முன்பு எளிதாகச் சொல்லிவிடுவார்கள். கேலக்சிக் கொத்துகளின் நடுவிலும் ராட்சதங்கள் கிடைத்துவிட்டதால் அந்த விளக்கத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது. தாய் கேலக்சி நீள்வட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் முழு உண்மை இல்லை: ஒரு பெரிய சுருள் கேலக்சியிலிருந்து கிளம்பி 1.6 மெகாபார்செக் நீண்ட மடல்களைப் புனேயைச் சேர்ந்த வானியலாளர்களின் குழு 2014இல் வெளியிட்டது.

காலம் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். 3சி 236இன் மையத்திலிருந்து முனைக்கு ஏறத்தாழ 70 லட்சம் ஒளியாண்டு. ஒளியே அந்தத் தூரத்தைக் கடக்க 70 லட்சம் ஆண்டு ஆகும். மடலின் முனையோ, எதிரே உள்ள வாயுவைத் தள்ளிக்கொண்டு, ஒளியைவிடப் பன்மடங்கு மெதுவாகத்தான் முன்னேறும். ராட்சதங்களின் வயதைப் பல கோடி ஆண்டுகளில் கணக்கிடுவதற்குக் காரணம் இதுவே. நடுவில் கருந்துளை இன்றைக்கு ஓய்ந்துவிட்டாலும், அந்தச் செய்தி முனையை எட்டும்வரை ஹாட்ஸ்பாட் தன்பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும். உண்மையில் 3சி 236இல் அப்படி ஓர் ஓய்வும் மறுதொடக்கமும் நடந்திருக்கின்றன. அதன் நட்டநடுவே சுமார் 6,500 ஒளியாண்டு நீளத்தில் இன்னொரு சின்னஞ்சிறு இரட்டை ரேடியோ அமைப்பு, வெளி அச்சை ஒட்டிய திசையிலேயே நிற்கிறது. அண்மையில் புதிதாக வாயு வந்து விழ, கருந்துளை மறுபடி பீய்ச்சத் தொடங்கியதன் அடையாளம் அது. பழைய மடலுக்குள் புது மடல் நிற்கும் இத்தகைய பொருள்களை இரட்டை-இரட்டை என்கிறார்கள்.

ஓய்ந்த பிறகு மடல் எப்படி மறைகிறது என்பதும் கேட்கத் தக்கது. மடலில் உள்ள ரேடியோ ஒளி, ஒளி வேகத்தை ஒட்டி ஓடும் எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் வளைந்து சுழல்வதால் வெளிவரும் சிங்க்ரோட்ரான் கதிர்வீச்சு. ஊதாரியின் பை முதலில் காலியாவதுபோல, ஆற்றல் மிக்க எலக்ட்ரான்கள் முதலில் ஆற்றலை இழக்கின்றன. அதனால் வயதான மடல் உயர் அதிர்வெண்ணில் முதலில் மறைந்து, தாழ் அதிர்வெண்ணில் கடைசிவரை தெரியும். ராட்சத மடல்களில் காந்தப்புலம் மிகப் பலவீனமானது. ஆகவே எலக்ட்ரான்கள் காந்தப்புலத்திடம் இழப்பதைவிட, பிரபஞ்சம் முழுக்க நிறைந்துள்ள 2.7 கெல்வின் பின்னணிக் கதிர்வீச்சின் ஒளித்துகள்களோடு மோதி இழப்பதே அதிகம். தொலைவான, அதாவது இளமையான பிரபஞ்சத்தில் இந்தப் பின்னணி இன்னும் அடர்த்தியாக இருந்ததால், அங்கே ராட்சதங்கள் சீக்கிரம் மங்கிவிடும்.

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு பள்ளி மாணவர்): ரேடியோ கேலக்சி என்றால் சத்தம் கேட்குமா? படத்தில் உள்ள சிவப்பு நிறம் உண்மையானதா?

பதில்: இரண்டுக்கும் இல்லை. ரேடியோ அலை ஒளியின் உறவுதான், ஒலிக்கு உறவில்லை. நிறம் படத்தைத் தயாரித்தவர் பூசியது. எங்கே அலை வலுவாக வருகிறது என்று காட்ட அது உதவும். ரேடியோ படத்தில் ஆரஞ்சு நிறத்தைக் கொட்டி ‘விண்வெளியில் தீ’ என்று தலைப்பிடுவோரிடம் எனக்கு வருத்தம் உண்டு.

கேள்வி (குன்னூரிலிருந்து ஒரு வாசகி): இத்தனை பெரிய பொருளை 1974 வரை யாரும் பார்க்காதது எப்படி? இப்போது மட்டும் ஆயிரக்கணக்கில் கிடைப்பது எப்படி? எங்கள் ஊட்டித் தொலைநோக்கிக்கு இதில் பங்குண்டா?

பதில்: பெரியது என்பதாலேயே தப்பியது. மடலின் ஒளி பெரும்பரப்பில் மெல்லியதாகப் பரவியிருக்கும். ஆண்டெனாக்களைத் தூரத்தூர வைத்து இணைக்கும் தொலைநோக்கிகள் நுணுக்கமான விவரத்தை நன்றாகப் பிடிக்கும். வழவழப்பாகப் பரந்த ஒளியைத் தவறவிடும். கோலத்தின் மேல் ஒரு சாண் உயரத்தில் குனிந்து பார்ப்பவருக்குப் புள்ளி தெரியும், கோலம் தெரியாது. 3சி 236 முன்னரே ரேடியோ பொருள்களின் கேம்பிரிட்ஜ் பட்டியலில் இருந்தது. ஆனால் பளிச்சென்ற அதன் நடுப்பகுதியைத்தான் எல்லோரும் அந்தப் பொருள் என்று நினைத்திருந்தார்கள்.

நிலைமையை மாற்றியது நெதர்லாந்தை மையமாகக் கொண்டு ஐரோப்பா முழுக்கப் பரவியுள்ள லோஃபார் என்ற ரேடியோ தொலைநோக்கி. நெருக்கமாகவும் தொலைவாகவும் வைத்த எளிய ஆண்டெனாக்களைக் கொண்டு, 144 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ் அதிர்வெண்ணில் அது வானத்தை வாரி எடுக்கிறது. வயதான எலக்ட்ரான்கள் கடைசிவரை ஒளிரும் அதிர்வெண் அதுதான். சில நூறாக இருந்த ராட்சதங்களின் எண்ணிக்கை இன்று பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. 2022இல் சுமார் 1.6 கோடி ஒளியாண்டு நீளமுள்ள ஆல்சியோனியஸ், 2024இல் அதையும் தாண்டி 2.3 கோடி ஒளியாண்டு நீளமுள்ள போர்ஃபிரியான் என்று வரிசையாக அறிவிப்புகள் வந்தன. இரண்டும் கிரேக்கப் புராண ராட்சதர்களின் பெயர்கள். போர்ஃபிரியானின் தாய் கேலக்சி எது என்று அடையாளம் காண, புனேக்கு வடக்கே கோடத் என்ற ஊரை மையமாகக் கொண்ட ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி உதவியது. 45 மீட்டர் விட்டமுள்ள 30 டிஷ்கள் கொண்ட அதை உருவாக்கியவர், உங்கள் ஊட்டித் தொலைநோக்கியைக் கட்டிய அதே கோவிந்த் ஸ்வரூப்.

முத்தோரையில் நிற்கும் ஊட்டித் தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள உருளை வடிவ வளைபரப்பு. வடக்கு தெற்காகச் சுமார் 11 பாகை சரிந்த மலைச்சரிவைத் தேடிப் பிடித்து அதன்மேல் அமைத்தார்கள். அந்த இடத்தின் அட்சரேகையும் அதே அளவு என்பதால், தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. ஒரே திசையில் உருட்டினாலே ஒரு பொருளைப் பல மணி நேரம் பின்தொடரலாம். 1970 முதல் அது செய்த பெரிய பணி, நிலவின் விளிம்பு ஒரு ரேடியோ பொருளை மறைக்கும் கணத்தில் அலை எப்படிக் குறைகிறது என்று பதிவு செய்து, அதிலிருந்து அந்தப் பொருளின் அளவைக் கணக்கிடுவது. நூற்றுக்கணக்கான ரேடியோ கேலக்சிகளின் வடிவம் அப்படித் தெரிந்தது. மங்கலான பொருள்களின் கோண அளவு சிறிதாகிக்கொண்டே போவதைக் கண்டு, பிரபஞ்சம் என்றும் ஒரே மாதிரி இருந்ததில்லை என்று 1975இல் ஸ்வரூப்பும் கபாஹி என்ற வானியலாளரும் வாதிட்டதற்கு அடித்தளம் இந்தப் பதிவுகளே. ஆனால் நிலவின் விளிம்பைக் கத்திபோல் பயன்படுத்தும் இந்த முறை மிகச் சிறிய பொருள்களுக்கு உரியது. 3சி 236ஐ அதனால் அளக்க வழியில்லை. அது நிலவைவிட அகலமானது என்பது ஒருபுறமிருக்க, வானில் நிலவு போகும் பாதைக்கு வெகு வடக்கே இருப்பதால், நிலவு அதன் முன்னால் வருவதே கிடையாது.