அப்பா தோண்டிய குழி

கேள்வி: ஆரணி பக்கம் குழித்தறியில் பட்டு நெய்கிறேன். தரையில் தோண்டிய குழிக்குள் காலை விட்டு, மிதியை மிதித்து நெய்யும் தறி. வயது 43. இரண்டு வருஷமாக இடுப்புவலி. மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் இடது கால் மரத்துப்போகிறது, கழுத்தும் பிடித்துக்கொள்கிறது. தைலம், பெல்ட், வலி மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. டாக்டர் தறியை விடச் சொல்கிறார். இதே குழியில் அப்பா 35 வருஷம் உட்கார்ந்தார். என் தோள் உயரம்தான் இருப்பார், ஒருநாள் வலி என்று படுத்ததில்லை. பெயர்ந்த சிமெண்டைப் பூசக்கூட அம்மா விடுவதில்லை, அவர் கை பட்ட குழியாம். எனக்கு மட்டும் ஏன் இந்தப் பலவீனம்? நல்ல தைலம் இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் தைலம் இரண்டு இடத்தில் வருகிறது. அப்பாவின் உயரம் ஒரே வரி. அந்த வரியை விட்டு நான் நகரப்போவதில்லை.

உங்கள் தோளுக்கு வரும் ஒருவர் தன் கால் அளவுக்குத் தோண்டிய குழி அது. அதில் நீங்கள் உட்கார்ந்தால் என்ன ஆகும்? மிதி உயரத்தில் இருப்பதால் முழங்கால் மேலே ஏறி, நெய்த துணியைச் சுற்றும் படைமரத்தில் முட்டும். முழங்கால் ஏறினால் இடுப்பு பின்பக்கம் சரியும், கீழ்முதுகு கூன்போடும். அந்தக் கூனோடு நாளெல்லாம் முன்னால் குனிந்தால் முதுகெலும்பு மணிகளுக்கு நடுவில் உள்ள வட்டுகள் நசுங்காமல் என்ன செய்யும்? அப்பாவுக்கு முழங்கை மட்டத்தில் இருந்த துணி உங்களுக்கு வயிற்றுக்குக் கீழே கிடக்கிறது. அதனால்தான் கழுத்தைத் தொங்கப்போட்டு, சேலையின் உடலையும் கரையையும் இணைக்கும் கோர்வை போடுகிறீர்கள்.

அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு, அக்குள் கிழிகிறதே, என் உடம்பில் என்ன குறை என்று கேட்பீர்களா? அவருக்கு வலியே இல்லை என்பதையும் நான் அப்படியே நம்பவில்லை. அந்தக் காலத்து ஆண்கள் வாய்விட்டுச் சொன்னால்தானே!

பெரியவர்கள் சொல்லைத் தட்டக்கூடாது என்கிற கட்சி நான். இந்தக் கேள்வி-பதில் பகுதியில் அதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறேன். ஆனால் உங்கள் அப்பா என்ன செய்தார்? தன் காலை அளந்து தனக்கென்று குழி தோண்டிக்கொண்டார். அவர் வழியில் நடப்பதென்றால் நீங்களும் அதைச் செய்யுங்கள். நீங்கள் படுத்துவிட்டால் அம்மாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுப்பது யார், அந்தக் குழியா? அம்மாவிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டாம். நல்ல நாள் பார்த்துத் தரச் சொல்லுங்கள்.

தறியில் நீளவாட்டில் ஏற்றிய நூலான பாவு இப்போதையது தீர்ந்து, புதுப் பாவு பிணைக்கும் முன் தறி காலியாக இருக்குமே, அப்போது கொத்தனாரைக் கூப்பிடுங்கள். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிடச் சற்றே தாழ்ந்திருக்க வேண்டும், பாதம் மிதியில் முழுசாகப் படிய வேண்டும். அந்த ஆழத்துக்குக் குழியை இறக்குங்கள். குழியை விட்டுவிட்டு உட்காரும் பலகையை மட்டும் உயர்த்தினால் துணி இன்னும் கீழே போய்விடும், கழுத்து போச்சு. அதனால் படைமரத்தை உங்கள் முழங்கை மட்டத்துக்கு ஏற்ற வேண்டும். உட்காரும் பலகை முன்பக்கம் லேசாகச் சரிந்திருந்தால் நல்லது. விளிம்பு தொடையில் வெட்டினால் இழைத்துவிடுங்கள். அப்புறம், நீங்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் உங்கள் மனைவி அதில் உட்காருவார், எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும். அவர் காலுக்கு எட்டும்படி மிதிமேல் மாட்டிக் கழற்ற ஒரு கட்டை செய்யுங்கள்.

ஜக்கார்டை, அதாவது தறிக்கு மேலே இருக்கும் டிசைன் போடும் கருவியை, காலாலேயே தூக்குகிறீர்கள் என்றால், காஞ்சிபுரத்தில் நெசவாளர் சேவை மையம் இருக்கிறது, போய் மோட்டார் கருவி பற்றி விசாரியுங்கள். தறிக் கருவிகளின் விலையில் 90 சதவீதத்தை மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2016-இல் வந்தது.

படைமரத்தைச் சுற்றும்போதெல்லாம் குழியை விட்டு வெளியே வந்து நாலு எட்டு நடங்கள்.

தறியை விடச் சொன்ன டாக்டர் உங்கள் குழியைப் பார்த்திருக்க மாட்டார். நீங்கள் நெய்யும்போது பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டுபோய்க் காட்டுங்கள். கால் மரத்துப்போவதை மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள், அதைக் குழியின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. பாதம் தூக்க முடியாமல் இழுபட்டாலோ, தொடை இடுக்கில் உணர்ச்சி போனாலோ, சிறுநீர் சரியாகப் போகாவிட்டாலோ நல்ல நாளெல்லாம் பார்க்காமல் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

தைலம் கேட்டிருந்தீர்கள். சரி, தடவிக்கொள்ளுங்கள், வாசனையாக இருக்கும்.