ஹற்றன் வீட்டுக்கு வந்த ஏலக் கடிதம்: பதில்

சகோதரி, 57 இலட்சத்தைக் கட்டாவிட்டால் வீட்டை ஏலமிடுவோம் என்று வங்கி அனுப்பிய கடிதத்தைப் பார்த்து மிரள வேண்டாம். தனியார் வங்கியில் வீட்டை ஈடு வைத்து நீங்கள் வாங்கியது 42 இலட்சம்தானே? மீதி வட்டியும் தண்ட வட்டியும். வழக்கில்லாமல் வங்கியே ஏலமிடும் ‘பராட்டே’ அதிகாரம் இலங்கையின் 1990ஆம் ஆண்டு 4ஆம் இலக்கச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் 2011 திருத்தத்தின்படி, கடனாக வாங்கிய முதல் தொகை (அசல்) 50 இலட்சத்துக்குக் குறைவானால் அதைப் பயன்படுத்த முடியாது. வட்டியை அந்தக் கணக்கில் சேர்க்கவும் கூடாது. கடிதம் எழுதியவருக்கு இது தெரியாமலா இருக்கும்!

ஆகவே வங்கி மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அழைப்பாணை வந்தால் அலமாரியில் வைத்துவிடாதீர்கள். நீங்கள் போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். ஈட்டு உறுதியுடன் சட்டத்தரணியைப் பாருங்கள். வசதியில்லையென்றால் நுவரெலியாவில் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் இருக்கிறது. வட்டியையும் சேர்த்துப் புதுக் கடனாக மாற்றித் தருகிறோம் என்றால் உடனே கையெழுத்திடாதீர்கள். அப்போது அசலே 50 இலட்சத்தைத் தாண்டி, பராட்டே ஏலத்துக்கு வழி திறந்துவிடும்.