வரியில் ஒரு பகுதியை நாட்டுக் கடனுக்கு ஒதுக்கச் சொல்லலாமா? – கேள்வி பதில்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மலேசிய வருமான வரிக் கணக்கு முடித்துக் கொடுத்து வருகிறேன். சம்பளக்காரர்களுக்கான வருமான வரிப் பாரமான பிஇ பாரத்தை அனுப்பும் காலம் வந்தால், "நான் கட்டும் வரியில் கொஞ்சத்தை நாட்டுக் கடனை அடைக்க மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்ல முடியாதா?" என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை. இம்முறை பலரும் அதையே கேட்டிருப்பதால், அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (செந்தூல், ஆசிரியை): ஐயா, அமெரிக்காவில் இப்படி ஒரு திட்டம் இருந்ததாமே?

பதில்: திட்டமாக முன்வைக்கப்பட்டது, சட்டமாகவில்லை. 1992 ஆகஸ்டில் ஹூஸ்டனில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டில் அதிபர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் இதை அறிவித்தார். வரிப் பாரத்தில் ஒரு கட்டத்தைக் குறித்தால், கட்டும் வருமான வரியில் 10 விழுக்காடு வரை கடனைக் குறைக்கப் போகும். அதே அளவுக்கு அரசுச் செலவும் வெட்டப்பட வேண்டும். அந்த இரண்டாம் பாதியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். நவம்பர் தேர்தலில் அவர் தோற்றார். விருப்பப்பட்டவர்கள் கடனைக் குறைக்க நன்கொடை தரும் வசதி மட்டும் அங்கே 1961 முதல் இருந்து வருகிறது.

கேள்வி (கெப்போங், லாரி நிறுவன ஊழியர்): செலவை ஏன் வெட்ட வேண்டும்? கடனுக்கென்று பணம் ஒதுக்கினால் கடன் குறையத்தானே வேண்டும்?

பதில்: ஒரு வீட்டைப் பார்ப்போம். சம்பளம் 5,000 ரிங்கிட், செலவு 5,400. மாதந்தோறும் 400 ரிங்கிட் கிரெடிட் கார்டில் ஏறுகிறது. "இந்த மாதத்திலிருந்து 500 ரிங்கிட் கடனுக்கு" என்று வீட்டுக்காரர் தனி உறையில் எடுத்து வைக்கிறார். கையில் எஞ்சுவது 4,500. செலவோ அதே 5,400. ஆகவே 900 ரிங்கிட்டைப் புதிதாகக் கார்டில் தேய்க்கிறார். உறையிலிருந்து 500 கட்டுகிறார். மாதக் கடைசியில் கடன் கூடியது எவ்வளவு? அதே 400. உறையின் மேல் என்ன எழுதியிருந்தாலும் கணக்கு மாறவில்லை.

நம் அரசின் நிலையும் இதுதான். 2024-இல் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. பற்றாக்குறை இருக்கும்வரை, கட்டத்தைக் குறிப்பதால் பணம் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாறும், அவ்வளவுதான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அரசமைப்புச் சட்டத்தின் 98-ஆவது பிரிவின்படி, கடனுக்கான வட்டியும் தவணையும் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வாக்கெடுக்காமலேயே அரசின் பொது நிதியிலிருந்து கட்டப்படுகின்றன. கடன் கொடுத்தவருக்கு முதல் பந்தி ஏற்கெனவே போடப்பட்டுவிட்டது.

கேள்வி (செராஸ்): 2018-இல் நாம் காசு போட்டோமே, அது என்ன ஆயிற்று?

பதில்: நாட்டுக் கடனைக் குறைக்க மக்களிடம் அரசு நன்கொடை திரட்டிய தாபோங் ஹராப்பான் நிதியைக் கேட்கிறீர்கள். 2018 மே 30 அன்று தொடங்கி, 2019 ஜனவரியில் மூடப்பட்டது. சேர்ந்த தொகை 200 மில்லியன் ரிங்கிட்டுக்குச் சற்று மேல். அப்போது கூட்டரசின் நேரடிக் கடன் மட்டும் 686 பில்லியனுக்கு மேல் என்று நிதியமைச்சு சொன்னது. அந்த ஆண்டின் வட்டிச் செலவோடு ஒப்பிட்டால், மக்கள் தந்த அவ்வளவும் ஏறத்தாழ இரண்டரை நாள் வட்டி.

இதைக் குறைத்துச் சொல்வதற்காக எழுதவில்லை. அந்த ஜூன் மாதம், ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் என் மேசைக்கு வந்து, 50 ரிங்கிட் போட்ட வங்கிச் சீட்டை நான்காக மடித்தபடியே நீட்டி, "இதையும் என் ஃபைலில் வையுங்கள் தம்பி" என்றார். அவர் வரி கட்டும் அளவுக்கு வருமானம் உள்ளவரல்லர். சீட்டின் மை மங்கிவிட்டது, இன்னும் வைத்திருக்கிறேன். அத்தகைய மனத்தைப் பயனற்ற ஒரு கட்டத்தில் கொண்டுபோய்க் கொட்டக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு சொல்கிறேன்.

கேள்வி (பத்து கேவ்ஸ்): முஸ்லிம்கள் ஸக்காத் கட்டினால் வரியில் கழிகிறது. நமக்கு மட்டும் ஏன் இந்த உரிமை இல்லை?

பதில்: ஸக்காத் (முஸ்லிம்களின் கடமையான தர்மம்) வரித் தொகையிலேயே நேராகக் கழிகிறது: 2,000 ரிங்கிட் வரி வருபவர் 600 ரிங்கிட் ஸக்காத் கட்டியிருந்தால், மீதி 1,400 கட்டினால் போதும். அங்கீகரிக்கப்பட்ட அறநிறுவனத்துக்கு நாம் தரும் நன்கொடையோ வருமானத்தில் கழிகிறது. 11 விழுக்காட்டு வரி அடுக்கில் இருப்பவர் 600 தந்தால் மிச்சமாவது 66 ரிங்கிட். இந்த வேறுபாட்டைப் பேசுவதில் நியாயம் உண்டு. ஆனால் இரண்டு பணமும் கடனுக்குப் போவதில்லை என்பதால், அதைத் தனி வழக்காகவே பேச வேண்டும்.

கேள்வி (செந்தூல், கல்லூரி மாணவர்): மக்களே முடிவு செய்வது ஜனநாயகம்தானே?

பதில்: வருமான வரி கட்டுபவர் மட்டுமே முடிவு செய்வார், அதிகம் கட்டுபவரின் குறி அதிகம் எடை பெறும். சமையல் எண்ணெய்க்கு விலை உதவித்தொகை வேண்டும் என்பவருக்கு அந்தப் பாரத்தில் கட்டமே இருக்காது. எனக்கு இது ஒப்பவில்லை.

கேள்வி (பிரிக்ஃபீல்ட்ஸ், ஓய்வுபெற்றவர்): நாம் யாருக்குத்தான் கடன்பட்டிருக்கிறோம்?

பதில்: பெரும்பகுதி நமக்கே. கடனில் மிகப்பெரும் பங்கு ரிங்கிட்டில் வாங்கியது. அரசுப் பத்திரங்களை அதிகமாக வைத்திருப்பவர்களுள் ஊழியர் சேமநிதி வாரியம் முக்கியமானது. 2024-க்கு உங்கள் கணக்கில் ஏறிய 6.3 விழுக்காட்டு லாப ஈவில் அந்த வட்டிக்கும் பங்குண்டு. 1998-இல் நாட்டின் கடனை அடைக்கத் தென் கொரிய மக்கள் தங்கம் கொடுத்ததை உதாரணம் காட்டுவார்கள். அவர்களுக்கு அப்போது தேவைப்பட்டது அந்நியச் செலாவணி. தங்கத்தை விற்றால் டாலர் வரும். நம் நோய் வேறு: வருவாயை மிஞ்சும் செலவு.

கேள்வி (கெப்போங்): அப்படியானால் எதைக் கேட்பது, ஐயா?

பதில்: 2023-ஆம் ஆண்டின் நிதிப் பொறுப்புச் சட்டம் பற்றாக்குறையை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3 விழுக்காட்டுக்குள்ளும் கடனை 60 விழுக்காட்டுக்குள்ளும் கொண்டுவர வேண்டும் என்கிறது, 2024 முடிவில் கடன் 64 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. பட்ஜெட் அன்று வெளியாகும் நிதி அறிக்கையில் இந்த இரண்டு எண்களையும், வருவாயில் வட்டிக்குப் போகும் பங்கையும் பாருங்கள். 2024-இல் அது 100 ரிங்கிட்டில் 15-க்கு மேல். கூடியிருந்தால், உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போய், எந்தச் செலவைக் குறைக்க வாக்களித்தார் என்று எழுத்தில் பதில் கேளுங்கள். கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் சனிக்கிழமை காலையில் வாருங்கள். அதற்கு நான் கட்டணம் வாங்குவதில்லை.