அம்மாவின் பூனை – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

அப்பா போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அம்மா கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார். சரியான சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. நாலு மாதம் முன்பு பரணில் ஒரு பூனை குட்டி போட்டது. அதில் ஒன்று வீட்டோடு தங்கிவிட்டது. இப்போது அம்மா காலை ஐந்தரைக்கு எழுந்து அதற்குப் பால் வைக்கிறார். போனில் பாதிப் பேச்சு அதைப் பற்றித்தான். குரலே மாறியிருக்கிறது. "பூனையாவது, மனசைச் சரியாக்குவதாவது" என்கிறார் அண்ணன். இது நிஜமா, இல்லை நாங்களாக நினைத்துக்கொள்கிறோமா?

க., சென்னை

அன்புள்ள க.,

குரல் மாறியிருக்கிறது என்கிறீர்களே, அதை நம்புங்கள். அண்ணனுக்கு வேண்டுமானால் 2019-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வைச் சொல்லலாம். 249 மாணவர்களை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு பத்து நிமிடம் நாய், பூனைகளைத் தடவிக் கொடுத்தது. இன்னொன்று வரிசையில் நின்று அதைப் பார்த்தது. மூன்றாவது குழுவுக்குப் படங்கள் மட்டும். நான்காவது சும்மா காத்திருந்தது. மன அழுத்தத்தில் கூடும் கார்ட்டிசோல் எச்சிலில் எவ்வளவு என்று பார்த்தால், தொட்டுத் தடவியவர்களுக்குத்தான் நன்றாகக் குறைந்திருந்தது. அண்ணன் அம்மாவுக்கு வாட்ஸப்பில் பூனைப் படம் அனுப்பினால் போதாது என்று அர்த்தம்.

ஆனால் உங்கள் அம்மா விஷயத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது அந்த ஐந்தரை மணிதான். அப்பாவின் காபி, மாத்திரை, வெந்நீர் என்று ஓடிய நாள் அது. அவர் போனதும் எழுந்திருக்க ஒரு காரணம் இல்லாமல் போயிருக்கும். இப்போது ஒரு ஜீவன் கதவைப் பிராண்டுகிறது. "பாவம், பசிக்கும்" என்று எழுந்து அடுப்பைப் பற்றவைத்தால், அப்படியே தனக்கும் ஒரு வாய் காபி.

முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதம் படுத்துக் கிடந்தேன். வருகிறவர் எல்லாம் "இப்ப எப்படி இருக்கு?" என்பார்கள். பதில் சொல்லியே களைத்துப்போவேன். பக்கத்து வீட்டுப் பூனை மட்டும் ஒன்றும் கேட்காமல் ஜன்னல் வழியாக வந்து வயிற்றின் மேல் சுருண்டுகொள்ளும். கர்ர்ர் என்ற அந்த அதிர்வு தோலுக்குள் இறங்கும். நான் அசைந்தால் இறங்கிப் போய்விடும். அது போகக் கூடாதே என்று மூச்சைக்கூட மெல்ல விட்டேன். டாக்டர் சொல்லிக் கொடுத்த மூச்சுப் பயிற்சி ஒருநாளும் ஒழுங்காக வந்ததில்லை, இது வந்தது.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். பால் வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது செரிக்காது, வயிற்றால் போகும். வேகவைத்த மீனோ கோழியோ உப்பில்லாமல் கொடுக்கலாம். வீட்டில் சைவம் என்றால் கடையில் விற்கும் பூனைத் தீனி. அதற்குக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துவிடப் போகிறார், உயிரே போய்விடும். வெறிநாய்க்கடி ஊசி பூனைக்கும் உண்டு, போட்டுவிடுங்கள். கடித்தாலோ நகம் பட்டாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். இத்தனைக்குப் பிறகும் அம்மாவுக்குத் தூக்கமும் பசியும் திரும்பவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும். அந்த வேலையைப் பூனை தலையில் கட்ட முடியாது.

அப்புறம், அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். பூனையைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடித் திறக்க வேண்டும். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 2020-ல் சோதித்திருக்கிறார்கள், பூனைகளும் அதேபோல் திருப்பிச் செய்கின்றனவாம். இப்போது என்னிடம் இருப்பது பாதி நேரம் செய்யும். மீதி நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாலை நக்கப் போய்விடும்.