ஜோஷ்னா சின்னப்பா மாதிரி ஸ்குவாஷையே தொழிலாக எடுத்துக்கொண்டால் ஒரு பெண்ணுக்கு வாழ்க்கை ஓடுமா?

தேவகோட்டைப் பக்கம் இருப்பதாகவும், எட்டாவது படிக்கும் மகள் லீவுக்குச் சென்னையில் அத்தை வீட்டுக்குப் போன இடத்தில் ஸ்குவாஷ் (நாலு சுவருக்குள் ராக்கெட்டால் பந்தைச் சுவரில் அடித்து ஆடும் ஆட்டம்) பழகி வந்ததிலிருந்து அதே நினைப்பாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று எழுதவில்லை. எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும். நான் காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம். என் மகள் ஸ்குவாஷ் ஆடினவள். அந்தப் பேச்சு அத்தனையும் கேட்டாயிற்று.

கேட்டதற்கு முதலில் பதில். வாழ்க்கை ஓடும். ஆனால் ஜோஷ்னாவுக்கு ஓடிய மாதிரியே ஓடும் என்று கணக்குப் போட்டு இறங்காதீர்கள்.

அவர் 14 வயதில் தேசிய சாம்பியன் ஆனவர். 2005இல் பிரிட்டிஷ் ஜூனியர் ஓப்பனில் 19 வயதுக்குட்பட்டோர் பட்டம். 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் தீபிகா பள்ளிக்கலோடு சேர்ந்து இரட்டையர் தங்கம். காமன்வெல்த் ஸ்குவாஷில் இந்தியாவுக்கு அதுதான் முதல் பதக்கம். 2018இல் எகிப்தில் எல் கூனா போட்டியில் நிக்கோல் டேவிட்டையே தோற்கடித்தார். எட்டு முறை உலக சாம்பியனான நிக்கோல் டேவிட்! 2019இல் 17ஆவது தேசியப் பட்டம். அதுவரை புவனேஸ்வரி குமாரியின் 16 பட்டங்கள்தான் சாதனையாக இருந்தது. அப்புறம் முழங்கால் ஆபரேஷன். இனி அவ்வளவுதான் என்று பலரும் நினைத்திருக்க, 2025இல் 39 வயதில் யோகோகாமாவில் ஜப்பான் ஓப்பனை ஜெயித்தார். அதே வருஷம் டிசம்பரில் சென்னையில் நடந்த உலகக் கோப்பையை இந்தியா முதல் தடவையாக வாங்கியபோதும் அணியில் அவர் இருந்தார். அன்றைக்கு எங்கள் வீட்டில் அடுப்பே பற்றவைக்கவில்லை, எல்லோரும் செல்போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

14 வயதிலிருந்து 39 வயது வரைக்கும் என்றால் இருபத்தைந்து வருஷம். உடம்பு தாங்க வேண்டும், மனசு தாங்க வேண்டும், அதற்கும் முன்னால் காசு தாங்க வேண்டும். ஜோஷ்னாவின் அப்பாவே ஸ்குவாஷ் ஆடினவர், மகளுக்குப் பயிற்சி கொடுத்தவர். ஆடுகளம் சொந்த ஊரான சென்னையிலேயே இருந்தது. விளையாட்டு வீரர்களுக்கு உதவுகிற மிட்டல் சாம்பியன்ஸ் டிரஸ்ட் கைகொடுத்தது. அவர் திறமையை நான் குறைத்துப் பேசுவதாக யாரும் கிளம்பி வரவேண்டாம். அந்தப் பெண் ஆடுவதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள் என் மகள். அப்பா பக்கத்தில் நின்றதையும் ஆடுகளம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததையும் சேர்த்துச் சொன்னால்தான் உங்களுக்கு உபயோகம், அதனால் சொல்கிறேன்.

காசு விஷயத்தையும் உடைத்துச் சொல்லிவிடுகிறேன். உலகத் தரவரிசை வேண்டுமென்றால் தொழில்முறை ஸ்குவாஷ் சங்கமான பிஎஸ்ஏ நடத்தும் போட்டிகளில் புள்ளி சேர்க்க வேண்டும். கீழ்மட்டத்துச் சேலஞ்சர் போட்டிகளில் மொத்தப் பரிசே 3,000 டாலர், 6,000 டாலர். அதை ஆடுகிற எல்லோரும் பிரித்துக்கொள்ள வேண்டும். முதல் சுற்றிலேயே வெளியே வந்தால் விமான டிக்கெட்டில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. பெண்களுக்கு இன்னொரு போராட்டமும் இருந்தது. தேசியப் போட்டியில் ஆண்களுக்கு ஒரு தொகை, பெண்களுக்கு அதைவிடக் குறைவு. தீபிகா அந்தப் போட்டிக்கே போகாமல் சில வருஷம் ஒதுங்கியிருந்து, 2016இல் இரண்டும் சமம் என்றான பிறகுதான் வந்து ஆடினார். அதற்காகவே அவரைக் கும்பிட வேண்டும்.

இனி எங்கள் கதை. சென்னையில் இருந்தவரை மகளுக்குப் பிரச்சனை இல்லை. வீட்டுக்குப் பக்கத்திலேயே கோர்ட். மாமனார் தவறிய பிறகு வியாபாரத்தைப் பார்த்துக்கொள்ள ஊரோடு வந்துவிட்டோம். நாங்கள் விசாரித்த வரைக்கும் இந்தப் பக்கம் அப்போது ஒரு ஸ்குவாஷ் கோர்ட் கிடையாது. கபடிக்கு இடம் இருக்கிறது, ஷட்டில் ஆட இடம் இருக்கிறது, கிரிக்கெட்டுக்குக் கண்மாய்க்கரையே போதும். ஸ்குவாஷுக்கு நாலு சுவர் வேண்டும்.

வந்த புதிதில் வளவு வீட்டின், அதாவது பங்காளிகளுக்குப் பொதுவான எங்கள் பெரிய வீட்டின், இரண்டாங்கட்டில் அடித்தாள். எங்கள் பக்கத்துச் சுண்ணாம்புப் பூச்சு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கைவைத்தால் கண்ணாடி மாதிரி வழுக்கும். ஸ்குவாஷ் பந்து கறுப்பு ரப்பர், அதில் இரண்டு மஞ்சள் புள்ளி. எடுத்த எடுப்பில் எழும்பாது, தரையில் போட்டால் போட்ட இடத்திலேயே கிடக்கும். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, சுவரில் அடித்து அடித்துச் சூடேற்றினால்தான் உயிர் வரும். அப்படி அடிக்கும்போது சுவரில் கறுப்புத் தடம் விழும். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும், அவளே தினமும் துடைத்து வைப்பாள். அதற்கே பங்காளிகள் பஞ்சாயத்து வைத்துவிட்டார்கள். "பொட்டப்புள்ளைக்கு என்ன ஆட்டம், சுவரு போச்சு" என்று. என் மாமியார் மட்டும், "எம் பேத்தி அடிச்சா சுவரு விழுந்திருமோ? விழுந்தா நான் கட்டித் தாரேன்" என்று முகப்பில் நின்று கேட்டார்கள். அந்த ஒரு வார்த்தைக்கு நான் ஆயுசுக்கும் கடன்பட்டவள்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் பரவாயில்லை. பந்துத் தடத்துக்குப் பஞ்சாயத்து வைத்த அதே ஆட்கள், அடுத்த வருஷமே வீட்டை ஷூட்டிங்குக்கு விட்டார்கள். அந்தச் சுவரிலேயே ஆணி அடித்தார்கள். பட்டாலைக் கூடத்தில் விளக்கு ஸ்டாண்டை இழுத்ததில் தரையின் ஆத்தங்குடிக் கல் பெயர்ந்தது. அப்புறம் பின்கட்டு நிலைக்கதவு, பர்மாவிலிருந்து வந்த தேக்கு, ஒருநாள் விடியற்காலையில் வேன் ஏறிப் பழம்பொருள் கடைக்குப் போய்விட்டது. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாங்களும் அதில் பங்குக்காரர்கள். முன்னோர்கள் கொண்டுவிக்கப் போய், அதாவது கடல் கடந்து வியாபாரத்துக்குப் போய், உழைத்துக் கட்டின வீடு இது, எங்கள் தலைமுறையில் கதவு கதவாகக் கழன்று போகிறது. என்னால் இன்றைக்கும் ஆறவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வளவில் ஆடக்கூடாது என்றானதும், எங்கள் நெல் குடோனைக் காலி பண்ணினோம். ஸ்குவாஷ் கோர்ட் 9.75 மீட்டர் நீளம், 6.4 மீட்டர் அகலம். குடோன் நீளம் போதும், அகலம் போதாது. கொத்தனார் நூலடித்து முன்சுவரில் தகரத்துக்கான கோடு போட்டார், தரையிலிருந்து 48 சென்டிமீட்டர். முன்சுவரின் அடியில் இருக்கும் பலகைக்குத்தான் தகரம் என்று பேர், அதில் பந்து பட்டால் அவுட். 1.78 மீட்டரில் சர்வீஸ் கோடு, 4.57 மீட்டரில் மேல்கோடு. தகரப் பலகைக்குப் பதில் பழைய ஷட்டர் தகட்டை அறைந்தோம். பந்து பட்டால் தெருமுனை வரை கேட்கும்.

இதில் ஒரு சிக்கல் வந்தது, ஊரில் சொந்தமாக ஏற்பாடு செய்கிற எல்லோருக்கும் வரும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே பந்து கொதித்துப்போய்த் துள்ளித் துள்ளி எழும்பும். அந்தத் துள்ளலுக்குப் பழகிவிட்டு, சென்னையில் ஏசி போட்ட கோர்ட்டில் இறங்கினால் அதே பந்து படுத்துவிடும். மகள் எட்டுவதற்குள் இரண்டாம் தடவை தரையைத் தொட்டிருக்கும், புள்ளி போச்சு. இன்னொன்று, குடோனில் பின்சுவர் சரியில்லை, அதனால் பின்மூலையில் விழும் பந்தை எடுக்கப் பழகவே முடியவில்லை. சுவரோரமாக நேராக நீளமாக அடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை, பின்மூலைக்குத் தள்ளிவிட்டால் தடுமாறுவாள். சென்னைப் பயிற்சியாளர் ஒரு கேம் பார்த்தவுடனே, "ஒரு சுவர் வச்சுப் பழகின பொண்ணா?" என்று கேட்டார்.

அதன் பிறகு சனிக்கிழமை விடியற்காலை பல்லவன் எக்ஸ்பிரஸ், மத்தியானம் எழும்பூர், சாயங்காலம் கோர்ட், மறுநாள் திரும்புவது என்று வருஷக்கணக்கில் போனது. நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கலுக்குக்கூட அவள் இல்லாமல் நான் மட்டும் போன வருஷம் உண்டு. சொந்தக்காரர்கள், "வெயில்ல ஆடிக் கறுத்துட்டா மாப்பிள்ளை வருமா ஆச்சி?" என்பார்கள். ஸ்குவாஷ் வீட்டுக்குள் ஆடுகிற ஆட்டம் என்று எத்தனை தடவை சொல்வது? நிறத்தை வைத்துப் பெண்ணை எடைபோடுவதே தப்பு, அதை அவர்களிடம் நேராகவே சொன்னேன். கல்யாணம் ஆனால் எல்லாம் முடிந்தது என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. தீபிகா இரட்டைக் குழந்தை பெற்ற மறுவருஷமே, 2022இல், உலக இரட்டையர் போட்டியில் இரண்டு தங்கம் வாங்கினார்.

என் மகள் சாம்பியன் ஆகவில்லை. மாநில அளவில் ஆடினாள், தேசிய ஜூனியர் போட்டிகளில் சில சுற்று தாண்டினாள், பட்டம் எதுவும் இல்லை. இன்றைக்குச் சென்னையில் ஒரு பள்ளியில் ஸ்குவாஷ் பயிற்சியாளர். சொந்தச் சம்பளம், சொந்த வண்டி. இதெல்லாம் ஒரு வெற்றியா என்று கேட்க இங்கே சிலர் வருவார்கள். எனக்கு இது பெரிய வெற்றி, அவளுக்கும் அப்படித்தான்.

வசதி இருந்ததால் செய்தீர்கள் என்றும் சொல்வார்கள். உண்மைதான், குடோனும் ரயில் செலவுக்குப் பணமும் எங்களிடம் இருந்தது. இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் ஆட வழி வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். காரைக்குடியில் கல்லூரிகளும் பல்கலைக்கழகமும் இருக்கின்றன, ஒரே ஒரு கோர்ட் கட்டினால் போதும். 2028 லாஸ் ஏஞ்சலஸில் ஸ்குவாஷ் முதல் தடவையாக ஒலிம்பிக்கில் வருகிறது. இப்போது கேட்காமல் எப்போது கேட்பது?

உங்கள் மகள் விஷயத்தில், பத்தாவது வரைக்கும் லீவு தோறும் அத்தை வீட்டுக்கு அனுப்புங்கள், படிப்பை விடவேண்டாம். ஆட்டம் நின்று பிடித்தால் மேல்படிப்பைச் சென்னையில் வையுங்கள். தமிழ்நாட்டு அரசு வேலையில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு, அதனால் சான்றிதழ் ஒன்றைக்கூடத் தொலைக்காதீர்கள். ஊரில் சுவரில் அடித்துப் பழக இரட்டை மஞ்சள் புள்ளிப் பந்து வேண்டாம், இன்னும் துள்ளுகிற ஆரம்பநிலைப் பந்து வாங்கிக் கொடுங்கள். ராக்கெட் விலை குறைந்ததாக இருந்தாலும் பரவாயில்லை, கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி மட்டும் நல்லதாக வாங்குங்கள். அந்தப் பந்து 40 மில்லிமீட்டர்தான், கண்குழிக்குள் அப்படியே போய் உட்காரும். ஜூனியர் போட்டிகளில் கண்ணாடி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், வீட்டிலும் அதே சட்டம் வையுங்கள்.