வீட்டிலிருந்தே வேலை: கூலி யார் கையிலிருந்து வருகிறது?

வீட்டிலிருந்து செய்யும் வேலைகளைப் பற்றிய கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. சிலவற்றில் அவசரம் தெரிகிறது. அதனால் இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: யூடியூப் வீடியோவுக்கு லைக் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் ஒன்றுக்கு 50 ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் ஒரு பெண் சொன்னார். மூன்று வீடியோவுக்கு 150 ரூபாய் உடனே வந்தது. அப்புறம் டெலிகிராம் குழுவில் சேர்த்தார்கள். அங்கே 1,000 ரூபாய் கட்டினேன், 1,300 ஆகத் திரும்பி வந்தது. இப்போது 8,000 கட்டச் சொல்கிறார்கள். ஏமாற்றுக்காரர்கள் என்றால் நமக்குப் பணம் தருவார்களா? - இல்லத்தரசி, திண்டுக்கல்

பதில்: கட்டாதீர்கள். ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

தருவார்கள். முதலில் தருவதுதான் இவர்கள் தொழிலே. உங்களுக்கு வந்த 150 ரூபாயும் அந்த 300 ரூபாய் லாபமும் தூண்டிலில் கோத்த புழு. 8,000 கட்டினால் அவர்கள் தளத்தில் உங்கள் கணக்கில் 11,000 சொச்சம் இருப்பதாகத் தெரியும். எடுக்கப் போனால் எடுக்க முடியாது. "டாஸ்க்கில் ஒரு ஸ்டெப் தப்பாகச் செய்துவிட்டீர்கள், சரிசெய்ய 28,000 கட்டுங்கள்" என்பார்கள். "உங்களால் குழுவில் மற்ற மூன்று பேர் பணமும் மாட்டிக்கொண்டது" என்று அந்த மூன்று பேரும் கெஞ்சுவார்கள், திட்டுவார்கள். அவர்கள் மூவரும் அந்தக் கும்பலின் ஆட்கள்தான். கடைசியில் வரி கட்டினால்தான் பணம் விடுபடும் என்று ஒரு கதை வரும். திரையில் தெரியும் அந்த 11,000 யாரோ தட்டச்சு செய்த எண். அதற்குப் பின்னால் பணம் என்று எதுவும் கிடையாது.

ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள் 1,000 அனுப்பியபோது யுபிஐயில் யார் பெயர் வந்தது என்று பாருங்கள். 150 யார் பெயரிலிருந்து வந்தது என்றும் பாருங்கள். பெரும்பாலும் சம்பந்தமே இல்லாத தனி ஆட்களின் பெயர்களாக இருக்கும், அதுவும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறாக. நிறுவனம் என்றால் பணம் நிறுவனத்தின் கணக்கில்தானே புழங்க வேண்டும்?

வீட்டு வேலை எதுவாக இருந்தாலும் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: இந்த வேலையை யார் காசு கொடுத்து வாங்குகிறார்கள், அதனால் அவர்களுக்கு என்ன லாபம்? தையல்காரருக்குக் கூலி கொடுப்பவருக்குச் சட்டை கிடைக்கிறது. நீங்கள் லைக் போட்ட வீடியோவின் சொந்தக்காரருக்கோ உங்களை யாரென்றே தெரியாது. ஒரு லைக்கை 50 ரூபாய்க்கு வாங்கி அவருக்கு ஆகப்போவதும் எதுவும் இல்லை. அப்படியானால் கூலி எங்கிருந்து வருகிறது? உங்களுக்கு முன்னால் கட்டி ஏமாந்த இன்னொருவரின் பணத்திலிருந்து.

2023 டிசம்பரில் மத்திய உள்துறை அமைச்சகம் இப்படிப் பகுதிநேர வேலை, டாஸ்க் என்று ஏமாற்றிய 100க்கும் மேற்பட்ட தளங்களை முடக்கியது. ஓய்வுபெற்றவர்கள், பெண்கள், வேலை தேடும் இளைஞர்கள் ஆகியோரைத்தான் இவர்கள் குறிவைக்கிறார்கள் என்று அந்த அறிவிப்பிலேயே இருந்தது. தளங்களை முடக்கினாலும் வேறு பெயரில் திரும்ப வருகிறார்கள். அதனால் பெயரை விட்டுவிட்டு முறையை அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

குழுவை விட்டு வெளியேறும் முன் எல்லா உரையாடல்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். உங்களைப் போல இல்லாமல் பெரிய தொகையை ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் உடனே சைபர் மோசடிப் புகார்களுக்கான 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். பரிவர்த்தனை எண், நேரம், தொகை மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். போன பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிக்கொண்டே இருக்கும், எந்தக் கணக்கில் மீதி இருக்கிறதோ அங்கேதான் முடக்க முடியும். அதனால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். யுபிஐ ரகசிய எண்ணை (பின்) நீங்களே போட்டு அனுப்பிய பணம் என்பதால் வங்கி தானாக ஈடுகட்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. வீட்டில் சொல்லிவிடுங்கள். பணம் போனதை மறைக்க நினைக்கும்போதுதான் அதை மீட்க நகையை அடகு வைத்து மேலும் கட்டத் தோன்றும். போன பணத்தை மீட்டுத் தருகிறேன், கட்டணம் கொடுங்கள் என்று யாராவது வந்தால் அவர்களும் அதே கூட்டம்தான்.

கேள்வி: வீட்டிலேயே பென்சில் பேக்கிங் செய்தால் மாதம் 30,000 சம்பளம், 15,000 முன்பணம் என்று பேஸ்புக்கில் பார்த்தேன். பிரபல கம்பெனி பெயர் போட்டிருக்கிறது. பதிவுக்கு 620 ரூபாய்தான் கேட்கிறார்கள். சின்னத் தொகைதானே, கட்டிப் பார்க்கலாமா? - வாசகி, விழுப்புரம்

பதில்: வேண்டாம். நடராஜ் பென்சில் பெயரில் இந்த விளம்பரம் பல வருடங்களாகச் சுற்றுகிறது. அப்படி ஒரு வீட்டு வேலையே தாங்கள் தருவதில்லை என்று அந்த நிறுவனமே எச்சரித்திருக்கிறது. 620 கட்டியதும் அடையாள அட்டைக்கு, கூரியருக்கு, முன்பணத்தின் ஜிஎஸ்டிக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள்.

விளம்பரத்தை விட்டுவிட்டு ஒரு பெட்டிப் பென்சிலை எடுத்துப் பாருங்கள். கடையில் அது சில பத்து ரூபாய். அதைத் தொழிற்சாலையில் இயந்திரம் நொடியில் அட்டைப்பெட்டிக்குள் போட்டுவிடும். அந்த வேலைக்காகப் பென்சிலை மூட்டையாகக் கட்டி விழுப்புரத்துக்கு அனுப்பி, உங்களுக்கு மாதம் 30,000 கொடுத்து, திரும்ப எடுத்துப் போனால் பெட்டியின் விலை என்ன ஆகும்? எந்த முதலாளியும் அப்படிச் செய்ய மாட்டார்.

நிஜமான வீட்டு வேலை எப்படி இருக்கும் என்று நம் ஊர்களிலேயே பார்க்கலாம். தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்கு இலையும் தூளும் கடையில் கொடுப்பார்கள், ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. திருப்பூரில் பிசிறு வெட்டப் பனியன் துணியை வீட்டுக்கு வீடு இறக்கிவிட்டுப் போவார்கள். பூ கட்டினால் முழக் கணக்கு. எல்லாவற்றிலும் சரக்கு கொடுப்பவரை உங்களுக்கு நேரில் தெரியும். எண்ணிப் பார்த்துத்தான் கூலி தருவார்கள். கூலியும், சொல்லவே வருத்தமாக இருக்கிறது, மிகக் குறைவு. முதுகு ஒடிய நாள் முழுக்க வேலை செய்பவர்களுக்கே அவ்வளவுதான் கிடைக்கிறது என்பது தெரிந்திருந்தால், பென்சிலுக்கு 30,000 என்றதும் சந்தேகம் வந்துவிடும்.

கேள்வி: டேட்டா என்ட்ரி வேலைக்குச் சேர்ந்தேன். முன்பணம் கேட்கவில்லை. கையெழுத்தைப் போட்டோ எடுத்து ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டார்கள். ஐந்து நாளில் 500 படிவம். ராத்திரி பகலாக முடித்துக் கொடுத்தேன். தப்பு அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள் என்கிறார்கள். இப்போது வக்கீல் என்று ஒருவர் போன் செய்து 6,500 கட்டாவிட்டால் வழக்கு, கைது என்று மிரட்டுகிறார். கைக்குழந்தையோடு இருக்கிறேன், பயமாக இருக்கிறது. - பெயர் வேண்டாம், கரூர்

பதில்: முதலில் பயத்தை விடுங்கள், சகோதரி. பணம் கட்டாதீர்கள். நீங்கள் தப்புச் செய்ததாகச் சொல்வதும் பொய். யாராலும் சரியாக முடிக்க முடியாத மாதிரிதான் அந்தப் படிவங்களை மங்கலாகக் கொடுப்பார்கள், 90 சதவீதத்துக்கு மேல் சரியாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுவார்கள். வேலை வாங்குவது அவர்கள் நோக்கமே இல்லை. அபராதம் வாங்குவதற்காகத்தான் வேலை கொடுக்கிறார்கள்.

தட்டச்சில் தப்பு வந்ததற்காகக் காவல்துறை யாரையும் கைது செய்யாது. ஒப்பந்தத் தகராறு என்றால் அது சிவில் விவகாரம். நிஜமாகவே வழக்கு போட்டிருந்தால் அதற்கு ஒரு வழக்கு எண் இருக்கும். இ-கோர்ட்ஸ் தளத்தில் உங்கள் பெயரையோ எண்ணையோ போட்டு நீங்களே தேடலாம். வாட்ஸ்அப்பில் வரும் நீதிமன்ற முத்திரை போட்ட நோட்டீஸில் வழக்கு எண் இருக்கிறதா, அது அந்தத் தளத்தில் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

அவர்களோடு வாதாட வேண்டாம். எண்ணைத் தடுத்துவிட்டு, மிரட்டிய செய்திகளோடு சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியுங்கள். வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டால்தான் மனம் ஆறும் என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு உங்கள் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்றாலும், அங்கே இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

கேள்வி: பி.காம். முடித்த என் மகனுக்குப் பெரிய ஐடி நிறுவனத்தின் பெயரில் ஆஃபர் லெட்டர் மின்னஞ்சலில் வந்திருக்கிறது. வீட்டிலிருந்தே வேலை, மாதம் 32,000. லோகோ, முத்திரை, கையெழுத்து எல்லாம் இருக்கிறது. லேப்டாப் அனுப்ப 4,500 டெபாசிட், முதல் சம்பளத்தோடு திரும்பத் தருவார்களாம். உண்மையா என்று எப்படிப் பார்ப்பது? - ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்சி

பதில்: ஐயா, அந்த டெபாசிட்டே போதும், இது போலி. பணம் வாங்கிக்கொண்டு வேலை தருவதில்லை என்று பெரிய நிறுவனங்கள் தங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கின்றன. லோகோவையும் முத்திரையையும் பத்து நிமிடத்தில் ஒட்டிவிடலாம். மின்னஞ்சல் முகவரியில் அட் குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஜிமெயில் என்றோ, நிறுவனத்தின் பெயரோடு 'கேரியர்ஸ்', 'எச்ஆர்' என்று வால் சேர்த்தோ இருந்தால் பெரும்பாலும் கடிதம் அங்கிருந்து வந்திருக்காது. சந்தேகம் தீரவில்லை என்றால் கடிதத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் உள்ள எண்ணுக்குப் பேசுங்கள்.

பெயர் தெரியாத சிறு நிறுவனம் என்றால்தான் கொஞ்சம் தோண்ட வேண்டும். கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் பெயரைப் போட்டால் எப்போது பதிவானது, இப்போது இயங்குகிறதா, முகவரி என்ன என்று தெரியும். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். இன்னொருவரின் பதிவு எண்ணைத் திருடி லெட்டர்ஹெட்டில் போடுவது சாதாரணமாக நடக்கிறது. எனக்குப் பிடித்த சோதனை பிஎஃப். வருங்கால வைப்புநிதி அமைப்பின் தளத்தில் நிறுவனத்தைத் தேடினால், எந்த மாதத்துக்கு எத்தனை பேருக்குப் பிஎஃப் கட்டியிருக்கிறார்கள் என்பதுவரை காட்டும். "எங்களிடம் 400 பேர் வேலை செய்கிறார்கள்" என்பவர் அங்கே ஒருவருக்கும் கட்டியிருக்காவிட்டால், ஏன் என்று அவரிடமே கேளுங்கள். 20 பேரோ அதற்கு மேலோ வைத்திருந்தால் பொதுவாக அது கட்டாயம். ஜிஎஸ்டி எண் கொடுத்திருந்தால் அதையும் தளத்தில் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33 என்று ஆரம்பிக்கும்.

மகனிடம் இன்னொன்று கேளுங்கள்: அந்த வேலைக்கு அவர் விண்ணப்பித்தாரா? நேர்காணலில் வேலையைப் பற்றி யாராவது கேட்டார்களா? உங்கள் ஊர் ஆடிட்டர் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பி.காம். பையனுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நேர்காணல் இல்லாமல், வீட்டில் உட்கார்ந்தபடி 32,000 என்றால் அந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்.

ஆதார், பான், பாஸ்புக் நகலை அனுப்பிவிட்டாரா? அப்படியானால் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் வருடத்துக்கு ஒன்று இலவசமாகத் தர வேண்டும். அவர் பெயரில் வேறு சிம் வாங்கியிருக்கிறார்களா என்று தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் தெரியும். வேலை தேட, தமிழ்நாடு அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளமும் மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளமும் இருக்கின்றன. இரண்டிலும் கட்டணம் இல்லை.

கேள்வி: மெடிக்கல் கோடிங் படிக்க 35,000, முடித்ததும் வீட்டிலிருந்து வேலை உறுதி என்கிறது ஒரு பயிற்சி மையம். நம்பலாமா? - செவிலியர், வேலூர்

பதில்: நோயாளியின் நோய், சிகிச்சை விவரங்களைக் குறியீடுகளாக மாற்றும் மெடிக்கல் கோடிங் நிஜமான தொழில், சென்னையில் நிறையப் பேர் செய்கிறார்கள். ஆனால் மையம் உங்களுக்கு விற்பது படிப்பை. வேலையை விற்கும் இடத்தில் அவர்கள் இல்லை. புதியவர்களை முதலில் அலுவலகத்துக்கு வரச்சொல்வதுதான் பெரும்பாலும் வழக்கம் என்பதால், எடுத்ததுமே வீட்டிலிருந்து என்பதில் எனக்குத் தயக்கம். "உறுதி" என்பதை எழுத்தில் கேளுங்கள்: எத்தனை மாதத்தில், என்ன சம்பளத்தில், கிடைக்காவிட்டால் எவ்வளவு திரும்ப வரும். முன்பு படித்த இரண்டு பேரை நீங்களே தேடிப் பேசுங்கள். வேலை உறுதி என்று பொய் விளம்பரம் செய்யக் கூடாது என 2024 நவம்பரில் பயிற்சி மையங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் போட்டிருக்கிறது. பிரச்சினை வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையான புகாருக்குக் கட்டணம் கிடையாது. ரசீது இல்லாமல் மட்டும் கட்டாதீர்கள்.

கேள்வி: வேலையே இல்லை, வங்கிக் கணக்கு மட்டும் கொடுத்தால் போதும், வரும் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றிவிட்டால் 2 சதவீதம் கமிஷன் என்கிறார் சீனியர் ஒருவர். போன வாரம் ஏடிஎம் கார்டையும் சிம்மையும் கொடுத்துவிட்டேன். தப்பா? - கல்லூரி மாணவர், தருமபுரி

பதில்: தம்பி, முதல் கடிதத்தைத் திரும்பப் படி. திண்டுக்கல் அம்மாவிடம் கேட்கும் அந்த 8,000 ரூபாய் போய்ச் சேர்வது உன்னுடையதைப் போன்ற ஒரு கணக்கில்தான். புகார் வந்ததும் முதலில் முடங்குவது அந்தக் கணக்கு, காவல்துறை முதலில் கதவைத் தட்டுவதும் அந்தக் கணக்குக்காரர் வீட்டில். கல்வி உதவித்தொகை அதே கணக்கில் வருகிறது என்றால் அதுவும் சேர்ந்து நின்றுவிடும்.

இன்றே கிளைக்குப் போ. கார்டு, நெட் பேங்கிங், யுபிஐ மூன்றையும் நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடு, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள். சிம்மை முடக்கி அதே எண்ணில் புதியது எடு. கடந்த வாரக் கணக்கு அறிக்கையை எடுத்துக்கொண்டு, வீட்டுப் பெரியவர் ஒருவரோடு மாவட்ட சைபர் குற்றப் பிரிவுக்குப் போய் நடந்ததைச் சொல். அவர்கள் தேடி வருவதற்குள் நீ போய்விடுவது நல்லது.