கேளுங்க, சொல்றேன்: "சின்னப் பொண்ணு பேச்ச யாரு கேப்பா?"

கேள்வி: அக்கா, எனக்கு 19 வயசு, டர்பன்ல சாட்ஸ்வொர்த்ல இருக்கேன், சின்ன வயசுல இருந்தே டைப் 1 சர்க்கரை. இப்ப பெரியவங்க கிளினிக்குக்கு மாத்திட்டாங்க. பிரஷர் மாத்திரைக்கு நிக்கிற தாத்தா பாட்டி கூட அதே கியூல விடியக்காலைல இருந்து நிக்கணும், அன்னிக்கு காலேஜ் போச்சு. எங்கள மாதிரி பிள்ளைங்களுக்குன்னு தனி நேரம் ஒதுக்கச் சொல்லி அரசாங்கத்துகிட்ட கேக்கணும்னு இருக்கேன். மாமா, "நீ சின்னப் பொண்ணு, உன் பேச்ச யாரு கேப்பா"ன்னு சிரிக்கறாரு.
(பேர் வேண்டாம்)

பதில்: மாமா சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும் கண்ணு. நம்ம தென்னாப்பிரிக்கால 2006ல அரசியல் சாசன கோர்ட்டு சுகாதாரம் சம்பந்தப்பட்ட ரெண்டு சட்டத்த செல்லாதுன்னு தள்ளிச்சு, எதுக்குன்னு நெனைக்கிற, சட்டம் தப்புன்னு இல்ல, பார்லிமென்டுல இருக்கற மாகாணங்களோட சபை மக்கள் கருத்த சரியாக் கேக்காம பாஸ் பண்ணிட்டாங்கன்னு! அதனால உன் பேச்ச கேக்கறது அவங்க தலைல இருக்குற கடமை, இத மாமாகிட்ட சொல்லு.

ஆனா பார்லிமென்டுக்கு எழுதறதுக்கு முன்னாடி உன் கிளினிக்லயே ஆரம்பி. 2003 நேஷனல் ஹெல்த் ஆக்ட் 42ம் பிரிவுல கிளினிக் கமிட்டின்னு ஒண்ணு இருக்கு, அதுல கவுன்சிலரும் கிளினிக் தலைமையும் மட்டும் இல்ல, ஊர்க்காரங்களும் இருந்தே ஆகணும். கமிட்டி எப்ப கூடுதுன்னு சிஸ்டர்கிட்ட கேளு. அப்படி ஒண்ணு இங்க இல்லன்னு சொன்னாங்கன்னா அதையே எழுத்துல கேட்டு வாங்கிக்கோ, அதுவே உன் முதல் மனுவுக்கு ஆதாரம் ஆயிடும். போறப்ப "இளைஞர்களுக்கு நல்லது செய்யுங்க"ன்னு கேக்காத, தலையாட்டிட்டு மறந்துடுவாங்க. "மாசத்துல ஒரு நாள், ரெண்டு மணிக்கு மேல, 25 வயசுக்குள்ள இருக்கறவங்களுக்கு"ன்னு கேளு.

தனியாப் போகாத. வீல்சேர்ல வர்ற பையன் யாராச்சும் இருந்தா கூட்டிக்கோ, வாசல்ல ரேம்ப் அழகா போட்டிருப்பாங்க, டாய்லெட் கதவுல சேர் நுழையாது, அது உனக்கோ எனக்கோ கண்ணுல படாது. வலிப்பு இருக்கற பொண்ணுக்கு மாத்திரை ஸ்டாக் இல்லாம திருப்பி அனுப்புறதுதான் பெரிய பிரச்சனையா இருக்கும். சர்க்கரைக்கு ஒரு சங்கம், வலிப்புக்கு ஒரு சங்கம்னு ஆளுக்கொரு மூலைல மனு குடுக்கறது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, எல்லாரும் நிக்கறது ஒரே கியூல தானே. ஹெச்ஐவி மருந்துக்காக 1998ல ஆரம்பிச்ச ட்ரீட்மெண்ட் ஆக்‌ஷன் கேம்பெய்ன்ங்கற இயக்கத்துக்காரங்க 2002ல அதே அரசியல் சாசன கோர்ட்டுல அரசாங்கத்தையே ஜெயிச்சாங்க, அங்க நோயாளிங்களே உக்காந்து தன் மருந்தப் பத்தி படிச்சு தெரிஞ்சுக்கிட்டாங்க, வக்கீல் மட்டும் பேசி நடந்த காரியம் இல்ல.

அப்புறம் புது மசோதா வந்து கருத்து கேட்டா ஒரு பக்கத்துக்கு மேல எழுதாத, எந்த பிரிவு, உனக்கு என்ன நடந்துச்சு, என்ன வார்த்தைய மாத்தணும், அவ்ளோதான். நேர்ல பேசணும்னும் அதுலயே கேட்டுடு. (நம்ம அரசியல் சாசனம் 6ம் பிரிவுல தமிழோட பேரும் இருக்கு, ஆனா ஆட்சி மொழியா இல்ல, அதனால மனுவ இங்கிலீஷ்லயோ ஜூலுலயோ எழுதிடு.)

கேள்வி: என் பையனுக்கு 15 வயசு, ஆஸ்துமா. டாக்டர் என்னை வெளில உக்காரச் சொல்லிட்டு அவன்கிட்ட மட்டும் பேசறாரு. இது சரியா?
(ஒரு அம்மா, ஃபீனிக்ஸ்)

பதில்: சரிதாங்க, கோவிச்சுக்காதீங்க. 2005 குழந்தைகள் சட்டம் 129ம் பிரிவுப்படி 12 வயசு தாண்டி, விஷயம் புரியற பக்குவம் இருந்தா, வைத்தியத்துக்கு அவனே சம்மதம் சொல்லலாம். நீங்க பக்கத்துல இருந்தா "பம்ப் (இன்ஹேலர்) ஒழுங்கா எடுக்கறேன்"னு தான் சொல்வான், வெளில அனுப்பினா தான் எடுக்கலன்னு ஒத்துக்குவான். ஆபரேஷன்னு வந்தா மட்டும் அவன் சம்மதத்தோட பெத்தவங்க துணையும் வேணும், அன்னிக்கு கட்டாயம் உள்ள போங்க.